ரெண்டரை சென்ட் டிரஸ்டி

லோகநாதனுக்கு முன்யோசனை அதிகம். சிட்லபாக்கத்தில் அவருக்கு அப்படி ஒரு பெயரே இருந்தது. அந்தப் பெயரைப் பெரும்பாலும் அவரேதான் பரப்பியிருந்தார். மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே குடையை ரிப்பேருக்குக் கொடுத்துவிடுவார். மகன் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே பாலிடெக்னிக்கில் விண்ணப்பம் எந்த மாதம் தருவார்கள் என்று விசாரித்து வைத்தார். பாரிமுனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். 'பின்னாளில் சிக்கல் எழாதவண்ணம்' என்று எழுதாமல் அவர் மேஜையை விட்டு ஒரு கோப்பும் நகர்ந்ததில்லை.

இந்த முன்யோசனையெல்லாம் கடைசியில் போய் நின்ற இடம், ஏரிக்கரைச் சாலையில் இருந்த எண்பது சென்ட் நிலம். அவருடைய அப்பா சுப்பராயலுவுக்கு ஒரு காலத்தில் நாலு ஏக்கர் நஞ்சை இருந்தது. அதில் முக்கால்வாசி எழுபதுகளில் மனைகளாகி விற்றுப் போனது. நெல் விளைந்த இடத்தில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்களும் பேங்க்காரர்களும் வீடு கட்டிக் குடியேறி, காலையில் ஏரிக்கரையில் வாக்கிங் போய் ஊர்க்காரர்களிடமே 'இங்கே காற்று எவ்வளவு சுத்தம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது அந்த எண்பது சென்ட்டும் அதன் கிழக்கு ஓரத்தில் இருந்த ஓட்டு வீடும்தான். மனைவியை இழந்த சுப்பராயலு, லோகநாதன், அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, மகன், தங்கை ஞானஜோதி எல்லோரும் அந்த வீட்டில் இருந்தார்கள். தம்பி ஏகநாதன் சேலையூரில் சைக்கிள் கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு இருந்தான்.

எண்பத்தேழாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பெல்லாம் சாப்பிட்டு முடித்தபின் சுப்பராயலு இரண்டு பிள்ளைகளையும் உட்காரச் சொன்னார்.

"நா இருக்க சொல்லவே நெலத்தப் பிரிச்சிக்கினு பூடுங்கடா. எனக்கு ஒரு பங்கு, உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு. நா போனப்பறம் அடிச்சிக்கினு நிக்காதிங்க."

ஏகநாதன் உடனே, "சரி நைனா," என்றான். அவனுக்குக் கடையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

லோகநாதன் சிரித்தார். சின்னப் பிள்ளைகள் பேச்சுக்குப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. "அவசரப்படக் கூடாது நைனா. பாகப்பிரிவினைன்னா முத்திரைத்தாள், பீஸ், சர்வேயர், எவ்வளவு செலவு. நான் விசாரிச்சு சொல்றேன்."

செலவு ஒரு காரணம்தான். உண்மையான காரணம், பாகப்பிரிவினை என்றால் ஏகநாதனுக்கும் அவருக்கும் சமமாகப் போய்விடும். எஸ்.எஸ்.எல்.சி. பெயிலானவனுக்கும் பி.ஏ. படித்தவருக்கும் ஒரே அளவு நிலம் என்பதில் லோகநாதனுக்கு ஏதோ நிர்வாகக் குளறுபடி தெரிந்தது.

தாம்பரம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே தட்சிணாமூர்த்தி என்ற பத்திர எழுத்தர் ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருந்தார். லோகநாதன் அவரிடம் போனார்.

"உயில் எழுதிடுங்க சார்," என்றார் தட்சிணாமூர்த்தி. "முத்திரைத்தாளே வேணாம். வெள்ளைப் பேப்பர் போதும். சாட்சி ரெண்டு பேர். அப்பா யாருக்கு எவ்ளோ எழுதறாரோ, அவ்ளோதான்."

"யாருக்கு எவ்வளவு வேணும்னாலும் எழுதலாமா?"

"அவர் சொத்து சார். அவர் இஷ்டம்."

வெள்ளைப் பேப்பர் என்ற வார்த்தையும் இஷ்டம் என்ற வார்த்தையும் லோகநாதனுக்கு மிகவும் பிடித்துப்போயின. நிலம் எப்படி வந்தது என்று தட்சிணாமூர்த்தி கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் லோகநாதனுக்கும் கிடையாது. பாகப்பிரிவினைப் பேச்சு அத்தோடு நின்றது.

ஞானஜோதியைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் பேசவில்லை. மீன் குழம்பு வைத்தவள் அவள்தான். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. லோகநாதன் பார்த்தார். எழுபத்தெட்டில் பல்லாவரத்திலிருந்து ஓர் இடம் வந்தது; பதினைந்து பவுன் கேட்டார்கள். பேராசைக்காரர்கள் வீட்டில் தங்கையைக் கொடுக்க லோகநாதனுக்கு மனசு வரவில்லை. எண்பத்து மூன்றில் செங்கல்பட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் ஒன்றுமே வேண்டாம் என்றான். ஒன்றும் கேட்காதவனிடம் ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும் என்று லோகநாதன் அவனையும் விட்டுவிட்டார். இதற்குள் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் திறந்து, ஞானஜோதிக்கு அங்கே ஒரு சட்டை கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்றே வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனாள். மாதம் பிறந்தால் சம்பளக் கவர் அண்ணன் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஜாதகக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது லோகநாதனுக்கு மறந்துவிட்டது. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற மனிதருக்கு இப்படி ஒன்றிரண்டு மறப்பது இயற்கைதான்.

தொண்ணூறாம் வருஷம் சுப்பராயலுவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. லோகநாதன் உயிலை எழுதி முடித்துவிட்டார். அதாவது, தட்சிணாமூர்த்தி எழுதினார், லோகநாதன் சொன்னார், சுப்பராயலு இருமினார். லோகநாதனுக்கு நாற்பது சென்ட். ஏகநாதனுக்கு முப்பது. ஞானஜோதிக்குப் பத்து. ஆனால் அந்தப் பத்தும் நேராக அவளுக்கு இல்லை. நாலாவது பாராவில் டிரஸ்ட் என்று ஒன்று ஏற்பட்டது. லோகநாதன் அதன் டிரஸ்டி. நிலத்தை அவர் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் தம் விருப்பப்படி விற்று, தங்கையின் நலனுக்குச் செலவிடுவார். அவள் காலத்துக்குப் பிறகு மிஞ்சுவது லோகநாதனின் மகனுக்கு.

"தனியா இருக்கற பொம்பளை," என்று தட்சிணாமூர்த்திக்கு விளக்கினார். "யாராவது வெளியாள் ஏமாத்திடுவான்."

வெளியாள் என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

பதிவுக்குப் போன அன்று சுப்பராயலுவை ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் கிழவர் பேனாவைப் பிடித்தபடியே மகனைப் பார்த்தார்.

"ஜோதிக்கு இன்னா கீது இதுல?"

"இருக்கு நைனா. பாதுகாப்பா இருக்கு."

சுப்பராயலு தலையாட்டினார். சு என்று ஆரம்பித்து, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, பெயரை எழுதி முடித்தார்.

தொண்ணூற்று மூன்று தை மாதத்தில் அவர் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் லோகநாதன் உயிலைப் படித்தார். ஏகநாதன் முப்பது என்று காதில் விழுந்ததும் எழுந்து செருப்பைத் தேடினான். பிறகு மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞானஜோதி மட்டும் பேப்பரை வாங்கி நாலாவது பாராவை இரண்டு தடவை படித்தாள்.

"டிரஸ்ட்னா இன்னாண்ணா?"

"நம்பிக்கைம்மா."

"யாருக்கு, யார் மேல?"

லோகநாதன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸ் கட்டப் போனாள்.

அடுத்த வருஷம் மேற்குத் தாம்பரத்தில் மர வியாபாரம் செய்துகொண்டிருந்த ஹாஜா மைதீன் நிலத்தைக் கேட்டு வந்தார். டிப்போவுக்குச் சாலையோரமாகப் பெரிய இடம் தேவைப்பட்டது. அவர் சொன்ன விலையைக் கேட்டதும் ஏகநாதனுக்குக் கோபம் தணிந்தது. லோகநாதனுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் மாடி வீடு ஒன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோடு கண்ணில் தெரிந்தது. டிரஸ்டி என்ற முறையில் பத்து சென்ட்டையும் சேர்த்து விற்க அவர் தயாராக இருந்தார். தங்கையின் நலனுக்காகத்தான்.

"பேப்பரை எல்லாம் எங்க வக்கீலம்மா பார்க்கட்டும் சார்," என்றார் ஹாஜா மைதீன். "தப்பா நினைக்காதீங்க. எழுதறவங்க ஆயிரம் எழுதுவாங்க. பணம் குடுக்கறவன்தான் படிச்சிப் பார்க்கணும்."

வக்கீல் மெட்டில்டாவின் அலுவலகம் முடிச்சூர் சாலையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. ஐம்பது வயதுக்காரர். அண்ணனும் தம்பியும் ஹாஜா மைதீனும் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் உயிலை ஓரமாக வைத்துவிட்டு அதற்குக் கீழே இருந்த பழைய பத்திரத்தை எடுத்தார்.

"இந்த நிலம் உங்கப்பா வாங்கினது இல்லையே. நாப்பத்தொண்ணுல அவரும் அவர் அண்ணனும் பாகம் பிரிச்சிக்கிட்டது. தாத்தா சொத்து."

"ஆமா மேடம். ஆனா பட்டா அப்பா பேர்ல. உயில் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கு."

"ரிஜிஸ்டர் பண்ணினா அவருடையதா இல்லாதது அவருடையதா ஆயிடாது சார். தாத்தா சொத்துல பிள்ளைங்களுக்குப் பிறக்கும்போதே பங்கு வந்துடும். உங்கப்பா தன் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும். நீங்க எத்தனை பேர்?"

"நானும் தம்பியும். ஒரு தங்கச்சி இருக்கா."

"அவங்களுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?"

"ஆகலை மேடம்."

மெட்டில்டா பேனாவைக் கீழே வைத்தார். "ஆகவே இல்லையா?"

"நல்ல இடமா அமையலை."

"அப்போ அவங்களுக்கும் உங்களுக்குச் சமமா பங்கு உண்டு. எண்பத்தொன்பது மார்ச் இருபத்தஞ்சுல இருந்து தமிழ்நாட்டுல சட்டம் அதுதான். அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்கு இல்லை. ஆகாத பொண்ணுக்கு உண்டு. அந்தத் தேதிக்கு முன்னாடி நீங்க பாகம் பிரிச்சிருந்தாலும் அவங்க கேட்க முடியாது. பிரிச்சீங்களா?"

ஏகநாதன்தான் சொன்னான்: "நைனா எண்பத்தேழுலயே பிரிச்சிக்கோங்கன்னாரு மேடம். அண்ணன்தான் செலவாவும்னாரு."

மெட்டில்டா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பா, இரண்டு மகன், ஒரு மகள். ஆளுக்கு இருபது சென்ட். உயில் செல்லுபடியாவது அப்பாவின் இருபதுக்கு மட்டும். உயிலில் சொன்ன விகிதப்படி அந்த இருபதில் லோகநாதனுக்குப் பத்து, ஏகநாதனுக்கு ஏழரை, ஞானஜோதிக்கு ரெண்டரை.

"ஆக, தங்கச்சியோட இருபது சென்ட் அவங்க சொந்தம். அதுல டிரஸ்ட் எதுவும் கிடையாது," என்றார். "அந்த ரெண்டரை சென்ட்டுக்கு மட்டும் நீங்க டிரஸ்டி."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சட்டப்படி நிலவரம் அதுதான்.

திரும்பி வரும்போது டி.வி.எஸ். 50-ஐ லோகநாதன் ஓட்ட, ஏகநாதன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

"செங்கல்பட்டுப் பையனுக்கு அப்பவே குட்த்திருந்தாகூட ஒரு சேலை, ஒரு தாலிக்கொடி. அதோட பூட்டிருக்கும்," என்றான் ஏகநாதன்.

"நீ வாயை மூடு."

"மூடிக்கினுதான இருந்தேன் இத்தினி வருஷமும்."

லோகநாதன் அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுத் தட்சிணாமூர்த்தியைப் பிடித்தார். பத்திர எழுத்தர் ரொம்ப வருத்தப்பட்டார். தாத்தா சொத்து என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றார். லோகநாதன் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இப்போ உடனே அவளுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெச்சுட்டா?"

தட்சிணாமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். "பண்ணா அவங்களுக்கு நல்லது சார். உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

வீட்டில் காற்று மாறியது. சாமுண்டீஸ்வரி காலையில் முதல் காபியை நாத்தனாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஞானஜோதியின் டிபன் பாக்ஸை வேறு ஒருவர் கட்டினார். சம்பளத் தேதியன்று கவரை நீட்டியபோது லோகநாதன், "நீயே வெச்சுக்கோம்மா, உனக்கும் செலவு இருக்கும்," என்றார். ஞானஜோதி மறுக்காமல் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பாசத்தையும் பார்த்துவிட்டு அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது லோகநாதனுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் அவர் பேச்சை ஆரம்பித்தார். ஏகநாதனையும் வரவழைத்திருந்தார். மேஜை மேல், அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தின் நகல் ஒன்று தயாராக இருந்தது. பக்கத்தில் சிவப்புத் தாளில் சுற்றிய நாலு பவுன் சங்கிலி.

"சின்னக் கையெழுத்துதான்மா. வெறும் பார்மாலிட்டி. ஹாஜா பாய் வக்கீல் ரொம்ப சட்டம் பேசறாங்க. இது உனக்கு நாங்க ஆசையா வாங்கினது."

ஞானஜோதி சங்கிலியைத் தொடவில்லை. பத்திரத்தையும் தொடவில்லை.

"வக்கீலம்மாவ நா போயிப் பாத்துட்டேன்ண்ணா. செவ்வாக்கிழம அரை நாள் லீவு போட்டேன். ஹாஜா பாய்தான் வீடு தேடி வந்து சொன்னாரு, உங்கிட்டயும் கையெழுத்து வோணும்மா, நீ படிச்சிப் பாத்துட்டுப் போடுன்னு."

லோகநாதனுக்கு வியாபாரிகள் மேல் இருந்த மரியாதை அந்த நிமிஷம் முழுதாகப் போனது.

"எனக்கு இருபது சென்ட் வோணும். இந்த வூட்டோட சேத்து, கெயக்கால. பணம் வேணாம். நெலமாவே குடுங்க. மீதிய நீங்க ரெண்டு பேரும் யாருக்கு வோணா வித்துக்கோங்க, நா கையெழுத்துப் போடறேன்."

"வீட்டோடவா?" என்றாள் சாமுண்டீஸ்வரி சமையலறை வாசலிலிருந்து.

"ஒண்டியா ஒரு பொம்பளை, இவ்வளவு இடத்தை வெச்சு என்னம்மா பண்ணுவே?" என்றார் லோகநாதன். "உன் நல்லதுக்குத்தானே நான் அந்த ஏற்பாடே செஞ்சேன்."

ஞானஜோதி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. கம்பெனியில் தப்பாகத் தைத்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"அன்னிக்கி ரிஜிஸ்தர் ஆபீஸ்லேந்து வந்து, நைனா எங்கிட்ட வந்து உக்காந்தாரு. உனக்குப் பாதுகாப்பா எழுதிக் கீதாம்மா, அண்ணன் சொன்னான்னாரு. அன்னிக்கி நல்லா சாப்டாரு. ரெண்டு தபா கொழம்பு ஊத்திக்கினாரு."

அவ்வளவுதான் சொன்னாள். லோகநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏகநாதன்தான் முதலில் எழுந்தான். "ஜோதி கேக்கறது சரி. எனக்கு ஓகே," என்று சொல்லிவிட்டு, அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கிளம்பிவிட்டான். சங்கிலியை மறுநாள் சாமுண்டீஸ்வரி போட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து ஆனியில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. ஞானஜோதியின் இருபதை ஒட்டி, அந்த ரெண்டரை சென்ட்டும் டிரஸ்டி பெயரிலேயே நின்றது. முத்திரைத்தாள், பீஸ், சர்வேயர் எல்லாச் செலவும் எண்பத்தேழில் ஆகியிருக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு ஆனது. ஹாஜா மைதீன் மேற்குப் பக்கத்தை வாங்கி டிப்போ போட்டார். லோகநாதன் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோனார். மொட்டைமாடித் தொட்டியும் கட்டினார். அந்தப் பகுதியில் தொட்டிக்கு ஏற்றுகிற அளவு தண்ணீர் கிடையாது என்பது குடிபோன பிறகு தெரிந்தது.

அலுவலகத்தில் மட்டும் அவர் மதிப்பு கூடியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொத்துத் தகராறு உள்ளவர்கள் டிபன் பாக்ஸோடு அவரைச் சுற்றி உட்காருவார்கள். தாத்தா சொத்தா சுயசம்பாத்தியமா என்று அவர் எடுத்த எடுப்பில் கேட்பார். வீட்டில் தங்கை இருப்பவர்களிடம், "கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே தம்பி. பெண்களுக்கு அந்தந்த வயசுல அது அது நடக்கணும்," என்பார். இவ்வளவு முற்போக்கான மனிதர் நம் அலுவலகத்தில் இருக்கிறாரே என்று டைப்பிஸ்ட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஞானஜோதி ஓட்டு வீட்டை இடிக்கவில்லை. அதை ஒட்டி வரிசையாக ஆறு அறைகள் கட்ட நினைத்தாள். ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கிற வெளியூர்ப் பெண்கள் தாம்பரத்தில் இடம் கிடைக்காமல் அல்லாடுவதை அவள் தினமும் பார்த்தவள். பேங்க்கில் கடன் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆனால் அறைகளில் ஒன்று அந்த ரெண்டரை சென்ட்டில் வந்தது. டிரஸ்டி கையெழுத்து வேண்டும் என்றார் மேனேஜர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாரத்தோடு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்தாள். லோகநாதன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடி போட்டு முதல் வரியிலிருந்து படித்தார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் எந்தத் திசையில் வைக்கிறாய், சன்ஷேடு எத்தனை அடி, பயனாளியின் நலனுக்கு இது உகந்ததா என்பதை டிரஸ்டி என்ற முறையில் தான் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்றார். ஞானஜோதி பொறுமையாக ஜன்னல் வடக்கே என்றாள், சன்ஷேடு ரெண்டடி என்றாள். சாமுண்டீஸ்வரி கொடுத்த காபியைக் குடித்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அவர் பேனாவைத் திறந்து, பெயரை எழுதி, அடியில் 'டிரஸ்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டார். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்துகொள்ளலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"மை காயட்டும்," என்றார்.

"காஞ்சிடுச்சிண்ணா," என்று சொல்லி அவள் பாரத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கொத்தனார் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.